எது பெரிய செய்தி என்று யார் முடிவு செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினேழு வருடம் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் வைக்கும் பிரிவில் இருந்தேன். வேலையை விட்ட பிறகு வாசகர் வட்டம், கல்லூரி வகுப்பு என்று பேசப் போகிறேன். எங்கே போனாலும் கூட்டம் முடிந்து டீ வந்ததும் இதே கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

"அஜெண்டா செட்டிங், அஜெண்டா செட்டிங்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன சார்?"

ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போகிறீர்கள். முதலில் எதைப் பேசுவது, அடுத்து எது, நேரமிருந்தால் எது என்று செயலாளர் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். யார் என்ன பேச வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லாது. ஆனால் அதில் இல்லாத விஷயம் பெரும்பாலும் பேசப்படாமலே கூட்டம் கலைந்துவிடும். நாட்டுக்கே அப்படி ஒரு தாளை எழுதுவதில் பத்திரிகைக்கும் டிவிக்கும் பெரிய பங்கு உண்டு என்பதுதான் இந்தக் கருத்து. பாடநூல்களில் 'நிகழ்ச்சிநிரல் அமைத்தல்' என்று போட்டிருப்பார்கள்.

பெர்னார்ட் கோஹன் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர் 1963ல் எழுதியதன் சாரம் இது: ஜனங்கள் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பல நேரம் தோற்கும், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பிரமாதமாக ஜெயிக்கும். மாலை நாலு மணிக்குப் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகை போஸ்டரைப் பாருங்கள். மொத்தம் நாலு வார்த்தை. பேப்பரே வாங்காத ஆள்கூட பஸ் ஜன்னல் வழியாக அதைப் படித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் அதைத்தான் பேசிக்கொண்டு போவார்.

"இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா தியரியா?"

இருக்கிறது. 1968 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நிக்சன், ஹம்ப்ரி, வாலஸ் மூவரும் மோதினார்கள். வட கரோலினாவில் உள்ள சேப்பல் ஹில் என்ற ஊரில் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் 'நாட்டில் முக்கியமான பிரச்சினைகள் எவை' என்று கேட்டார்கள். அதே சமயம் அந்த ஊர்க்காரர்கள் பார்த்த பத்திரிகை, வார இதழ், டிவி செய்திகளில் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் என்றும் எண்ணினார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் 0.967. முழுப் பொருத்தம் என்றால் 1. ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருத்தம் வராது.

1972ல் அந்தக் கட்டுரை வெளியானது. அதற்குப் பிறகு பல நாடுகளில், பல தேர்தல்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். எண்கள் கூடும், குறையும், போக்கு மாறவில்லை.

"ஜனங்க எதைப் பார்க்கிறாங்களோ அதைத்தானே போடறாங்க? இது கோழியா முட்டையா கதைதானே?"

நியாயமான சந்தேகம். 0.967 இதற்குப் பதில் சொல்லாது. அதனால்தான் 1980களின் தொடக்கத்தில் சாந்தோ ஐயங்கார், டொனால்ட் கிண்டர் இருவரும் வேறு வழியில் போனார்கள். ஆட்களைக் கூப்பிட்டு ஒரு வாரம் தினமும் டிவி செய்தி பார்க்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குக் காட்டிய செய்தியில் மட்டும், அமெரிக்க ராணுவம் பலவீனமாக இருக்கிறது என்கிற மாதிரிப் பழைய துண்டுகளைச் சத்தமில்லாமல் செருகினார்கள். அந்தக் குழுவின் முக்கியப் பிரச்சினைப் பட்டியலில், வாரத் தொடக்கத்தில் ஆறாவதாக இருந்த நாட்டுப் பாதுகாப்பு வாரக் கடைசியில் இரண்டாவதாக வந்து நின்றது. அவர்கள் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. காட்டினார்கள், ஏறியது.

இன்னொன்று டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. 1992ல் 'குற்றம்தான் பெரிய பிரச்சினை' என்று சொன்னவர்கள் 2 சதவீதம். 1994 முதல் பாதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த இடைவெளியில் அங்கே குற்ற எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஏறியது குற்றச் செய்திகளின் எண்ணிக்கை. கோழிக்கும் முட்டைக்கும் இரண்டு பக்கமும் உறவு உண்டுதான். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் எது முதலில் நடந்தது என்பதில் குழப்பம் இல்லை.

"அப்போ யாரோ ஒரு ரூம்ல உட்கார்ந்து சதி பண்றாங்க, அப்படித்தானே?"

சதி நடக்கும் ரூமை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் சாயங்காலம் ஐந்து மணி மீட்டிங். அதற்கு முன்பே விளம்பரப் பிரிவிலிருந்து டம்மி வந்துவிடும், அதாவது எந்தப் பக்கத்தில் எந்த விளம்பரம் என்று கட்டம் போட்ட தாள். மிச்சம் இருக்கும் வெள்ளை இடம்தான் உலகச் செய்தி, மாநிலச் செய்தி, மாவட்டச் செய்தி எல்லாவற்றுக்கும். "லீட் என்ன?" என்பார் செய்தி ஆசிரியர், அதாவது முதல் பக்கத்தின் முதன்மைச் செய்தி எது என்று. ஒருவர் மந்திரியின் அறிவிப்பைச் சொல்வார். இன்னொருவர் சுவரில் ஓடும் டிவியைப் பார்த்து, "அவன் இதைத்தான் ஓட்டுறான், நாம விட்டா நல்லா இருக்காது" என்பார். பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவோம். ஊர் முழுக்க எல்லாப் பத்திரிகையிலும் ஒரே லீட் வருவதற்குச் சதி தேவையே இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

தாலுகாவில் இருந்து செய்தி அனுப்பும் ஸ்டிரிங்கர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். ஓர் ஊராட்சி ஆரம்பப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது, மழை வந்தால் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று எழுதினார். முதல் தடவை, படம் இல்லை என்று நின்றது. இரண்டாம் தடவை சிங்கிள் காலத்தில், அதாவது ஒரு பத்தி அகலத்தில், பக்கத்தில் ஏறியே விட்டது. இரவு எட்டே முக்காலுக்கு ஒரு நகைக்கடை அரைப்பக்க விளம்பரம் வந்ததும் இறங்கியது. இறக்கியது நான்தான். மூன்றாம் தடவை அனுப்பியபோது செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு, "இது பழைய மேட்டராச்சே" என்றார். ஒரு நாள்கூட அச்சில் வராத செய்தி எப்படிப் பழசானது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டிரிங்கர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குத்தான் காசு. எதை அனுப்பினால் வரும், எது வராது என்று அவர்களே கற்றுக்கொண்டு, வராததை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். வடிகட்டல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

"அப்போ ஓனர், விளம்பரம், டிஆர்பி இதுக்கெல்லாம் சம்பந்தமே இல்லைன்னு சொல்றீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. அரசு விளம்பரம் இல்லாமல் பல சிறு பத்திரிகைகள் ஒரு மாதம் தாங்காது. அந்த பயம் ஆசிரியருக்குத் தெரியும், அவர் சொல்லாமலே டெஸ்க்குக்கும் தெரியும். 'இதைப் போடாதே' என்று என்னிடம் நேராகச் சொன்ன நாட்கள் குறைவு. 'இதைக் கொஞ்சம் பார்த்துப் போடு' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரியும்.

டிஆர்பி, அதாவது எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, இன்னும் வேடிக்கை. 2020 கணக்குப்படி நாடு முழுக்க சுமார் 44,000 வீடுகளில் வைத்த மீட்டர்கள்தான், கோடிக்கணக்கான வீடுகள் எதைப் பார்க்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தன. வாரம் ஒரு தடவை எண் வரும்; அதை வைத்து அடுத்த வாரம் எதை ஓட்டுவது என்று முடிவாகும். அந்த வருடம் மோசடிப் புகார் கிளம்பி, அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்தினார்கள். திரும்ப வந்தது 2022 மார்ச்சில். நடுவில் எண்ணே இல்லாத ஒன்றரை வருடம். அப்போதும் சத்தம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. பழக்கம் அப்படி.

"வெங்காய விலை ஏறினா எனக்கே தெரியும். அதை டிவி சொல்லித்தான் தெரியணுமா?"

வேண்டாம். சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். கையில் படும் பிரச்சினைகளில், அதாவது விலைவாசி, கரண்ட் கட், தண்ணீர் லாரி மாதிரி விஷயங்களில், ஊடகத்தின் பிடி தளர்வு என்று ஆய்வுகளும் சொல்கின்றன. வெளிநாட்டுக் கொள்கை, பருவநிலை, எல்லைச் சண்டை மாதிரி நாம் நேரில் பார்க்க வழியில்லாதவற்றில்தான் பிடி இறுக்கம். ஒரு விஷயம் நமக்கு முக்கியம் என்று தோன்றி, ஆனால் அதைப் பற்றி ஒன்றும் தெரியாமலும் இருந்தால், செய்தி எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அந்தப் பக்கம் போவோம்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். வெங்காயம் விலை என்று உங்கள் பைக்குத் தெரியும். 'ஊர் முழுக்க இதைத்தான் பேசுகிறது, ஆட்சிக்கே ஆபத்து' என்று தெரிவது செய்தியால்தான். 1998ல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் பாஜக தோற்றதற்கு இன்றைக்கும் வெங்காயத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். அடுக்களைச் சங்கடம் அரசியல் பிரச்சினையாக மாறிய இடம் அது.

"சென்னையில மழை பெஞ்சா நாட்டுக்கே செய்தி, கடலூர்ல பெஞ்சா யாருக்கும் தெரியாது. ஏன்?"

2015ஐ எடுத்துக்கொள்வோம். நவம்பர் 9, 10 தேதிகளில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பண்ருட்டி பக்கம் காட்டாற்று வெள்ளத்தில் வீடுகளோடு ஆட்கள் போனார்கள். அடுத்து சென்னையும் நனைய ஆரம்பித்தது. அந்த நவம்பரில் டெல்லி, மும்பை ஆங்கிலச் சேனல்களில் பெரிதாக ஓடியவை ஷீனா போரா கொலை வழக்கும், சகிப்பின்மை பற்றி ஆமிர் கான் சொன்ன ஒரு கருத்தும். "எங்களை ஏன் காட்டவில்லை" என்று சென்னைக்காரர்கள் ஃபேஸ்புக்கில் கொதித்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து விமான நிலையமே மூடப்பட்ட பிறகுதான் கேமராக்கள் வந்தன. மறுநாள் 'தி இந்து' சென்னைப் பதிப்பு வரவில்லை. 1878ல் தொடங்கிய பத்திரிகைக்கு வெள்ளத்தால் அச்சு நின்றது அதுதான் முதல் தடவை என்றார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். டெல்லி சென்னையைப் பார்த்த அதே கண்ணால்தான் சென்னை கடலூரைப் பார்த்தது. கேமராவும் நேரலை அனுப்பும் ஓ.பி. வேனும் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் மழை பெய்யும்.

"ஒரு வாரம் கத்திட்டு அப்புறம் மறந்துடறாங்களே?"

மறக்காவிட்டால் அடுத்ததற்கு இடம் இல்லை. சராசரி மனிதரின் மனதில் 'நாட்டுக்கு முக்கியம்' என்ற பட்டியலில் ஒரே நேரத்தில் ஐந்து முதல் ஏழு விஷயம் தங்கினால் பெரிது. ஒன்று ஏற, ஒன்று இறங்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் பிரச்சினையை 1954லிருந்து 1976 வரை வந்த கருத்துக்கணிப்புகளில் பார்த்திருக்கிறார்கள். அதை முக்கியம் என்று சொன்னவர்கள் ஒரு சமயம் பூஜ்யம், ஒரு சமயம் 52 சதவீதம். கூடவே ஏறி இறங்கியது முந்தைய ஒன்றரை மாதத்துச் செய்திகளின் அளவு. அந்த மக்களின் நிலைமை மாதாமாதம் அப்படி ஏறி இறங்கியிருக்க முடியாது.

நம் ஊரில் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, தஞ்சை, புதுக்கோட்டை வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. செய்தி சில வாரம் நின்றது. நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருடம். இந்த இரண்டு காலண்டரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

"செய்தி அறையில யார் உட்கார்ந்திருக்காங்கங்கறதும் ஒரு காரணமா?"

பெரிய காரணம். 1996ல் பி. என். உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 நிருபர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினார். ஒரு தலித் நிருபரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்து வருடம் கழித்து, 2006 செப்டம்பர் 29ஆம் தேதி, மகாராஷ்டிராவின் கைர்லாஞ்சி கிராமத்தில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேர் ஊர்க் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். நாடறிந்த செய்தியாக அது ஆக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது; அதுவும் நவம்பரில் தெருவில் போராட்டம் வெடித்த பிறகு. யாரும் உட்கார்ந்து 'மறைப்போம்' என்று முடிவு செய்திருக்கத் தேவையில்லை. மீட்டிங்கில் 'இது லீட்' என்று மேசையைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு பேப்பர் தைரியமா எழுதினா போதாதா?"

போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி எழுதினார். சொந்தமாக நடத்திய 'ரபட்' என்ற சின்ன ஹிந்தி வாரப் பத்திரிகையில், 1982லேயே, யூனியன் கார்பைடு ஆலையால் இந்த ஊருக்கு ஆபத்து, எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அடுத்தடுத்து எழுதினார். 1984 ஜூனில் பெரிய நாளிதழான 'ஜன்சத்தா'விலும் எழுதினார். அதே வருடம் டிசம்பர் 2 இரவு வாயு கசிந்தது. அடுத்த ஓரிரு நாளில் உலகத்தின் எல்லாப் பத்திரிகையிலும் போபால்தான் முதல் பக்கம்.

அவர் எழுதியதில் தவறு இல்லை, தைரியத்தில் குறை இல்லை. அடுத்த பத்திரிகை அதை எடுக்கவில்லை. ஐந்து மணி மீட்டிங்கில் சொன்னேனே, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. பார்க்கும்போது பெரிய பத்திரிகைகள் தங்களுக்குச் சமமானவர்களைத்தான் பார்க்கும். இரண்டாவது ஆள் எடுக்கும்வரை முதல் ஆள் எழுதியது வெறும் கட்டுரை.

"அதுக்காக எலியை வாயில வெச்சுக்கிட்டுப் போராடணுமா? அசிங்கமா இல்லையா?"

அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் 2017 மார்ச் 14ஆம் தேதி டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்று கோரிக்கைகள். அந்த ஜனவரியில்தான் தமிழக அரசே எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்திருந்தது. தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டை ஓடுகளை முன்னால் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் எலி. அப்புறம் பாம்புக்கறி, நிர்வாணம், கடைசியில் சிறுநீர். 41 நாள். வரிசையைக் கவனியுங்கள்: நேற்று வந்த படம் இன்று பழசு, அதனால் இன்றைக்கு அதைவிட ஒன்று. அந்தப் படிக்கட்டைக் கட்டியது அவர்கள் இல்லை, நாங்கள். அசிங்கம் யாருடையது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகக் குமரரெட்டியாபுரம் மக்கள் மரத்தடியில் 99 நாள் அமைதியாக உட்கார்ந்தார்கள். நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. நூறாவது நாள், 2018 மே 22, போலீஸ் துப்பாக்கிச்சூடு. 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

"ஒண்ணை மறைக்கத்தானே இன்னொண்ணைப் பெருசாக்கறாங்க? சுஷாந்த் கேஸ் அப்படித்தானே?"

மறைக்கும் எண்ணம் இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. மறைந்தது என்று சொல்ல முடியும். ஹிந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூன் 14 அன்று இறந்தார். மாதக்கணக்கில் அதுவே ஓடியது. ஆகஸ்ட் 31 அன்று, ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது என்று அரசே கணக்கு வெளியிட்டது. அந்த நாட்களில் பெரும்பாலான சேனல்களின் கேமராக்கள் அவருடைய தோழியான ஒரு நடிகையை சிபிஐ விசாரிக்கும் கட்டடத்தின் வாசலில் நின்றன. அக்டோபரில் எய்ம்ஸ் டாக்டர்கள் குழு கொலை இல்லை என்றது. 2025ல் சிபிஐயும் வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தது. அந்த நடிகைக்கு அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

யாரும் திட்டம் போடாமலே மறைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு உண்டு. ஐசன்சீ, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1968 முதல் 2002 வரை உலகம் முழுக்க நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்து, அமெரிக்க டிவியில் எது வந்தது, எதற்கு அமெரிக்கா நிவாரணம் தந்தது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக்ஸ் நடக்கும்போது வந்த பேரிடருக்குச் செய்தியும் குறைவு, நிவாரணமும் குறைவு. எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் இடம் பஞ்சத்துக்குக் கிடைக்க சுமார் 40,000 பேர் சாக வேண்டும். எரிமலைக்குப் படம் இருக்கிறது. பஞ்சம் மெதுவாக வருகிறது.

"இப்போ எல்லாம் ஃபோன்லதானே பார்க்கிறோம். டிவி, பேப்பருக்கு இன்னும் அந்த பவர் இருக்கா?"

குறைந்திருக்கிறது, போகவில்லை. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டை நினைத்துப் பாருங்கள். அலங்காநல்லூரில் கைது என்றதும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாகத்தான் மெரினாவுக்கு ஆள் சேர்ந்தது. தாளை எழுதியது இளைஞர்கள். பத்திரிகைகள் பின்னால் ஓடின. ஆனால் இருபத்து நாலு மணி நேர நேரலை வந்த பிறகுதான் வீட்டில் இருந்த பெரியவர்களும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா.

ஃபோனில் தாளை எழுதுவது வேறு ஒருவர், அவருக்கு முகம் கிடையாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. ட்விட்டர் முழுக்க அந்தப் போராட்டம். அதே இரவுகளில் ஃபேஸ்புக்கைத் திறந்தால், தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் வீடியோக்கள். செய்னெப் டுஃபெக்சி என்ற சமூகவியல் ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதினார். என் செய்தி ஆசிரியரிடம் "ஏன் போடவில்லை" என்று சண்டையாவது போடலாம். யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்திடம் யார் போடுவது?

"என்ன நினைக்கணும்னு மீடியாவால சொல்ல முடியாதுன்னீங்க. எங்க மாமா டிவி பார்த்துப் பார்த்தே மாறிட்டாரே?"

கோஹன் 'பல நேரம் தோற்கும்' என்றுதான் சொன்னார். எப்போதும் என்று சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒன்று, எதைப் பற்றி நினைக்கிறோமோ அதுவே நாம் ஆளை எடைபோடும் தராசாகிவிடும். ஈரானில் அமெரிக்கர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தது 1979 நவம்பர் 4. ஜிம்மி கார்ட்டர் மறுபடி நின்ற தேர்தல் 1980 நவம்பர் 4. தேர்தலுக்கு முந்தைய நாள் டிவி முழுக்க 'ஒரு வருடமாகிறது' என்று பிணைக்கைதிகள்தான். கார்ட்டர் மற்றதில் எப்படி என்று யோசிக்காமல், இதை வைத்தே அவரை எடைபோட்டவர்கள் நிறைய. மேலே சொன்ன ஐயங்காரும் கிண்டரும் இதைத்தான் அவர்களுடைய சோதனைகளிலும் கண்டார்கள்.

இரண்டாவது, சொல்லும் விதம். என் கையாலேயே பலமுறை போட்ட தலைப்பு: 'விஷவாயு தாக்கி 3 தொழிலாளர்கள் பலி'. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013லிருந்து சட்டம் இருக்கிறது. அவர்களை இறக்கியவர் ஒருவர் இருக்கிறார். என் தலைப்பில் அவரைக் காணோம். குற்றவாளிக் கூண்டில் வாயு நிற்கிறது. படித்தவர்கள் 'ஐயோ பாவம், விபத்து' என்று பக்கத்தைத் திருப்பினார்கள். உங்கள் மாமாவும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருப்பார். சண்டை போடாதீர்கள், அவர் பார்க்கும் சேனலில் இந்த வாரம் எது வரவே இல்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

"நான் செய்தியே பார்க்கிறதில்லை. தப்பிச்சேனா?"

இல்லை. ஆபீஸ் லிஃப்ட்டிலும் சலூனிலும் ஃபேமிலி க்ரூப்பிலும் பேசுபவர்கள் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெட்டிக்கடை போஸ்டரை மறந்துவிடாதீர்கள்.

"எங்க தெருவுல எட்டு மாசமா சாக்கடை வழியுது. பேப்பர்ல வர வைக்க என்ன பண்ணணும்?"

முதலில் உங்கள் பகுதி ஸ்டிரிங்கர் யார் என்று கண்டுபிடியுங்கள். பஸ் ஸ்டாண்ட் பேப்பர் ஏஜெண்டுக்குத் தெரியும். கொடுத்த மனுக்களின் நகலைத் தேதியோடு அடுக்கிக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி, 'பழைய மேட்டர்' என்று யாரும் தள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்கள் லீவு, அதனால் திங்கட்கிழமைப் பேப்பருக்கு டெஸ்க்கில் செய்திப் பஞ்சம் இருக்கும், அன்றைக்குக் குறிவையுங்கள். முதல்வர் உங்கள் மாவட்டத்துக்கு வரும் நாளில் எதையும் கொண்டுபோகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால் நிருபர்கள் எல்லோரும் வாசலிலேயே இருப்பார்கள். ஆனால் அவர்கள் தேடுவது படம். காலிக் குடம், பாடை, மண்ணெண்ணெய் கேன் என்று மற்றவர்கள் கொண்டு வருவதைப் பார்ப்பீர்கள். கேன் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே எரிந்த பிறகுதான் கந்துவட்டி முதல் பக்கத்துக்கு வந்தது. அதைத் தடுக்கும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. அவர்கள் அதற்கு முன்பே மனுக்களும் கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடக் கூரை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த ஸ்டிரிங்கர் நாலாவது தடவை எழுத்து எதுவும் அனுப்பவில்லை, ஒரு படம் அனுப்பினார். வகுப்பறைக்குள் முப்பது பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறார்கள். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் ஐந்து காலம் போட்டோம். பத்து நாளில் புதுக் கூரைக்கு உத்தரவு வந்தது. படம் எடுத்த அன்று அந்தத் தாலுகாவில் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. டெஸ்க்கில் அது எல்லோருக்கும் தெரியும். மழை அளவுப் பட்டியலை அதே பக்கத்தில் போட்டதும் நான்தான்.